நாலு வளைவு

செப்டம்பர் 23, திங்கள். ரிஷிகேஷ்

இன்று மாலை சுகந்தி டீச்சர் எங்கள் பதினாறு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். கண்ணை மூடி உட்காரும்போது மனதில் என்ன வந்தது என்று தினமும் எழுத வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லையாம். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பதினைந்து வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். வண்டி வந்த நேரம், போன நேரம் தவிர வேறெதையும் நோட்டில் எழுதியதில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஹரித்வாருக்கு ரயில் வந்தது காலை 10.40. ரிஷிகேஷ் வந்து சேர்ந்தது 12.15.

பெயர் சீரங்கன். வயது அறுபத்து மூன்று. மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. டைம் கீப்பராவதற்கு முன் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். கண் பார்வை குறைந்ததால் ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

இந்த யாத்திரைக்கு நானாக வரவில்லை. என் வண்டியில் கண்டக்டராக இருந்த செங்கோடனின் மனைவி பாவாயிக்குத் துணையாக வந்திருக்கிறேன். டீச்சர் நாமக்கல்லில் யோகா வகுப்பு நடத்துகிறவர். வருடத்துக்கு ஒரு தடவை இப்படிக் கூட்டி வருவார். இங்கே மூன்று நாள் யோகாவும் தியானமும். பிறகு மலையேறி உக்கிமடம், துங்கநாத். கடைசியில் பத்ரிநாத். அங்கே பிரம்ம கபாலம் என்று ஓர் இடம் இருக்கிறதாம். மகாளய அமாவாசையன்று அங்கே பிண்டம் வைத்தால் போனவர்களுக்கு அதற்குமேல் குறையே இல்லை என்கிறார்கள்.

செங்கோடன் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவன் மகன் லோகுதான் பிண்டம் வைக்க வேண்டும். அவன் கல்லூரி பஸ் ஓட்டுகிறான், லீவு கிடைக்கவில்லை. சேலம் ஸ்டேஷனில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாகூடக் கடைசி வரைக்கும் இருந்தவரு நீங்கதான். என் எடத்துல உக்காந்து நீங்களே பண்ணிடுங்க பெரியப்பா" என்றான்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அறை ஜன்னலுக்குக் கீழே கங்கை. படுத்தால் கட்டிலே ஆற்றில் போவது போலிருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய். ரிஷிகேஷ்

காலை 5.30க்கு மொட்டை மாடியில் யோகா. குனிந்தால் என் விரல் முழங்காலுக்குக் கீழே போவதில்லை. டீச்சர், "போற வரைக்கும் போதும், ஆறும் அப்படித்தான் போகுது" என்றார். கடைசியில் சவாசனம். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டீச்சர் தாலாட்டுவது போலச் சொல்லிக்கொண்டே போகிறார். பாதம் தளர்கிறது, முழங்கால் தளர்கிறது, இடுப்பு தளர்கிறது. பக்கத்தில் இரண்டு பேர் குறட்டையே விட்டார்கள்.

நான் கண்ணை மூடவில்லை. மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. பதினோரு சுற்று சுற்றியது.

பிறகு குழாயடியில் துணி துவைக்கும்போது பாவாயி கேட்டாள். "கண்ண மூடுனப்ப உங்களுக்கு என்னங்கண்ணா தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலம்மா. உனக்கு?"

"எனக்கு எப்பவும் வர்றதுதானுங்க. வண்டி எறங்குது. அவரு படியில நிக்கறாரு. நாலு வளைவும் முடிஞ்சாத்தான் எனக்கு முழிப்பு வரும்."

"எப்பவும்னா?"

"ஊட்டுலயும் அப்படித்தானுங்க. படுத்தா ரெண்டு தடவ, மூணு தடவ எறங்கும். அன்னைக்கிருந்தே அப்படித்தான்."

முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிவிட்டு முந்தானையைப் பிழிந்தாள். நான் இரண்டு சட்டை, ஒரு வேட்டி துவைத்துக் காயப்போட்டேன். இங்கத்திக் காற்றுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

செப்டம்பர் 25, புதன். ரிஷிகேஷ்

வயிறு சரியில்லை. தியானத்துக்குப் போகவில்லை.

செப்டம்பர் 26, வியாழன். உக்கிமடம்

காலை 6.10க்கு வேன் கிளம்பியது. ஓட்டுபவர் தன்சிங், இந்த மலைக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு அவருக்குப் பின்னால் சீட். பக்கத்தில் ஜன்னலோரம் பாவாயி.

மலைப்பாதையில் ஏறியதும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் மிதித்தது. தன்சிங் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். டீக்கு நிறுத்தியபோது என் காலைக் காட்டி, ஸ்டியரிங் திருப்புவது போலக் கையைச் சுற்றிக் காட்டி, "உஸ்தாத்?" என்றார். தலையாட்டினேன். முதல் டம்ளரை எனக்குக் கொடுக்கச் சொன்னார்.

தேவப்பிரயாகையில் இரண்டு ஆறு கலக்கிறது. ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். கலந்த பிறகும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. மேலிருந்து பார்த்தபோது ஒன்று தூங்குவது போலவும் மற்றது விழித்திருப்பது போலவும் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியதென்று தெரியவில்லை.

தன்சிங் உஸ்தாத் என்றதை எங்களோடு வந்த ராசிபுரத்து வாத்தியார் கேட்டுவிட்டார். "நீங்க டிரைவரா இருந்தீங்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பாவாயி முந்திக்கொண்டாள்.

"கொல்லிமல ரோட்டுல ஓட்டுனாருங்க சார். எறங்கறப்ப பிரேக் போயிருச்சு. அண்ணன் வெறும் ஸ்டியரிங்க வெச்சே நாலு வளைவு திருப்பி எறக்குனாரு. எங்கூட்டுக்காரரு படியில நின்னுக்கிட்டு, எல்லாரும் பின்னாடி போங்க, கம்பியப் புடிங்கன்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்தாருங்க. ரெண்டாவது வளைவுல ஒரு கைக்கொழந்தக்காரிய இழுத்து நடுவுல உக்கார வெச்சாரு. மூணாவது வளைவுல அவருக்குத் தெரிஞ்சு போச்சு, தான் தப்ப முடியாதுன்னு. அப்பவும் படிய உட்டு நகுறல. நாலாவதுல அண்ணன் வேற வழியில்லாம பாறையில உட்டு நிறுத்துனாரு. இருவத்தாறு பேருல ஒருத்தருக்கும் உசுருக்கு ஒண்ணும் ஆகல. அவரு நின்ன பக்கம் மட்டுந்தான் அடி."

வேனில் எல்லோரும் திரும்பி என்னைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

கைக்குழந்தைக்காரியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது வளைவில் அவனுக்குத் தெரிந்துபோனது என்றும் சொன்னதில்லை. நான் அன்று சொன்னது நான்கு வரி. மீதியைப் பாவாயி பதினெட்டு வருடமாகத் தானே பார்த்திருக்கிறாள்.

உக்கிமடம் வந்தது மாலை 4.50.

செப்டம்பர் 27, வெள்ளி. உக்கிமடம்

கோயிலில் காலையில் தியானம். மரத்தூண்களில் பச்சையும் சிவப்பும் நீலமும் அடித்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூண்களையே பார்த்திருந்தேன்.

மதியம் லோகு போன் செய்தான். குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா என்று கேட்டான். அவன் மகனைப் பேச வைத்தான். பையனுக்குத் தாத்தா பெயர்தான், செங்கோடன். மூன்று வயது. "எங்க தாத்தா பஸ்ஸக் காப்பாத்துனாரு" என்று மழலையில் ஒப்பித்தான். லோகு சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

ஷேவிங் பிளேடு தீர்ந்துவிட்டது. கடைத்தெருவில் வாங்கினேன்.

செப்டம்பர் 28, சனி. சோப்தா

விடியுமுன் வேனில் சோப்தா வந்து, 7.20க்கு ஏற ஆரம்பித்தோம். துங்கநாத் வரை கல் பாவிய பாதை. நான்கு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் பத்தடிக்கு ஒருமுறை மூச்சு நின்று நின்று வருகிறது. நான்கு எட்டுக்கு மூச்சை இழுத்து நான்கு எட்டுக்கு விடச் சொல்லி டீச்சர் பழக்கியிருந்தார். பாவாயி சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, "பள்ளிக்கோடத்துப் புள்ளையாட்டம் இருக்குதுங்கண்ணா" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது. முன்னால் போகிறவரின் முதுகு தெரிந்தது. பிறகு குடை மட்டும் தெரிந்தது. பிறகு இருமல் மட்டும் கேட்டது. குதிரை வருவதற்கு முன் அதன் கழுத்து மணி வந்தது. மணி போன பிறகும் குதிரை வரவில்லை. எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாமல் காலுக்குக் கீழே உள்ள கல்லை மட்டும் நம்பி நடந்தேன். பயமாக இல்லை. எங்கேயோ வெகுநாளாகத் தெரிந்த இடத்துக்குப் போவது போலிருந்தது.

கோயில் சின்னது. கருங்கல். கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் வரிசையாக உட்கார்ந்தோம். மூச்சை மட்டும் பார்க்கச் சொன்னார் டீச்சர். சுற்றிலும் வெள்ளை. கண்ணை மூடினேனா, திறந்திருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தது. அப்படியே தூங்கியிருக்கிறேன். தூக்கத்தில் என் கை ஸ்டியரிங் மேல் இருந்தது. வெயில் முகத்தில் அடித்தது. யாரோ கோயில் மணியை அடித்ததும் விழித்தேன். சட்டை நனைந்திருந்தது. மேகம் கலைந்து எதிரே பனிமலைகள் வரிசையாக நின்றன. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் காட்ட வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். முதல் நாள் எழுதியது பொய். கண் பார்வை குறைந்ததால் நான் வண்டியை விடவில்லை.

பிரேக் போகவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

மகளுக்குச் சீர் விசேஷம் வைத்திருந்தேன். அதற்கு ஒரு வாரம் லீவு வேண்டும் என்று இன்னொரு டிரைவரின் டியூட்டியையும் சேர்த்து மூன்று நாள் ஓட்டினேன். நான்காம் நாள் மதியம் மூன்று மணி. சாப்பிட்ட வயிறு. கஷ்டமான வளைவெல்லாம் தாண்டியாயிற்று, அடிவாரத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. ஒரு நேர் ரோடு. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. எழுப்பியது பாறை. வண்டியின் இடது முன்பக்கம் உள்ளே போயிருந்தது. கண்டக்டர் சீட் இருந்த பக்கம்.

நொறுங்கியதில் பிரேக் பைப்பும் அறுந்துபோயிருந்தது. பார்க்க வந்தவர்கள், பிரேக் போயிருச்சாப்பா என்றார்கள். தலையாட்டினேன். வண்டியில் வந்தவர்களும் அரைத்தூக்கத்தில் இருந்ததால் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. ஒரு தடவை ஆட்டிய தலை.

செப்டம்பர் 29, ஞாயிறு. சோப்தா

ஓய்வு நாள். புல்வெளியில் தியானம். எருமைகள் எங்களுக்கு நடுவே மேய்ந்துகொண்டு போயின.

பாவாயியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை மழை வருமா என்று பேசினோம். இரண்டாம் தடவை புளியோதரைக்கு இங்கே நல்லெண்ணெய் கிடைக்காது என்று பேசினோம்.

செப்டம்பர் 30, திங்கள். ஜோஷிமடம்

பீபல்கோட்டி தாண்டியதும் மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது. ஜேசிபி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. 10.50 முதல் 2.30 வரை நின்றோம். டீச்சர் ரோட்டோரத்திலேயே மற்றவர்களை உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பாவாயி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் உட்கார்ந்தேன்.

"நாளான்னைக்கு உக்காரறப்ப கட்டிக்கறதுக்குப் புது வேட்டி எடுத்தாந்திருக்கேனுங்கண்ணா" என்றாள். "லோகு வாங்கிக் குடுத்து உட்டான்."

"நான் உக்கார முடியாதும்மா."

"ஏனுங்க? ஒடம்புக்கு முடியலீங்களா?"

"பிரேக் போகல பாவாயி. நான் தூங்கிட்டேன்."

ஜேசிபி சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்று காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். இரண்டாவது தடவை நான் கத்திச் சொல்லும்போது ஜேசிபி நின்றுவிட்டது. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் என் வாயையே பார்த்தாள். "எந்த வளைவுல?" என்றாள்.

"வளைவே இல்ல. நேர் ரோடு. ஒரு நிமிசங்கூட இருக்காது."

"அப்ப அந்த நாலு வளைவு?"

"நானாச் சொன்னது."

"கொழந்தக்காரி?"

"அத நான் சொல்லலம்மா."

தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "ஆமா. நீங்க சொல்லல." பிறகு, "அவரு?" என்றாள்.

"அவனும் தூங்கிட்டுத்தான் இருந்தான். ஜன்னல் கம்பியில தலையச் சாச்சுக்கிட்டு."

எழுந்து போய்விட்டாள். வேன் கிளம்பும்போது என் பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்துக்கொண்டு போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜோஷிமடம் வரை என் கால் எந்த வளைவிலும் மிதிக்கவில்லை. அதை நான் இறங்கும்போதுதான் கவனித்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய். பத்ரிநாத்

வந்து சேர்ந்தது 11.30. கோயில் முகப்பு திருவிழாக் கடையில் தொங்கும் காகிதப் பூ மாதிரி அத்தனை வண்ணம். பின்னால் வெறும் மலை, அதற்குப் பின்னால் பனி. கூட்டத்தோடு போய்ப் பெருமாளைப் பார்த்தேன். என்ன வேண்டினேன் என்று நினைவில்லை.

நான்கு மணிக்கு வெந்நீர்க் குண்டத்துக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். நீராவி எழுந்து படியெல்லாம் மூடி, ஆட்கள் இடுப்புக்கு மேல் மட்டும் மிதப்பது போல நடந்துகொண்டிருந்தார்கள். அதற்குள்ளிருந்து பாவாயி வந்தாள். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"ஏன் அப்புடிச் சொன்னீங்க?" என்றாள்.

"மொதல்ல ஜெயிலுக்குப் பயந்து தலையாட்டுனேன். அப்பறம் உங்க ஊட்டுக்கு வந்தேன். நீ லோகுவ மடியில சாச்சுக்கிட்டு, எப்புடிப் போனாருன்னு கேட்ட. பெருமையா ஒண்ணு குடுத்துட்டுப் போலாம்னு தோணுச்சு."

"பெருமைய வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

நான் தோள்துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவரு படியில நின்னுக்கிட்டே இருந்தாருங்கண்ணா. பதினெட்டு வருசம். ஒரு நாள் உக்காரல. சாவு வருதுன்னு தெரிஞ்சு, பயந்துக்கிட்டு, கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. தெனமும் நான் பாத்தேன். நீங்கதான் நிக்க வெச்சீங்க."

"ஆமாம்மா."

அவள் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. நான் எது வேண்டுமானாலும் வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு நெசமா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள். "ஒண்ணையும் சேக்காதீங்க. ஒண்ணையும் உடாதீங்க."

சொன்னேன். மலை மேலே செம்மேட்டில் சாப்பிட்டோம். அவன் ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது ஒரு பெரியவர் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு ஏறினார். அவன் டிக்கெட் போட்டு முடித்துவிட்டு அந்தப் பெட்டியைத் தன் காலடியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். லோகு கோழி வளர்க்க ஆசைப்படுகிறான் என்றான். வளைவு குறைந்ததும் சீட்டில் சாய்ந்தான். "இனிமே காத்து வரும்ணா" என்றான். அதுதான் கடைசி. கண்ணாடியில் பார்த்தேன், தூங்கிவிட்டிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவன் தூங்குவதைப் பார்த்துத்தான் எனக்கும் கண் சொருகியது.

"முழிக்கவே இல்லீங்களா?"

"இல்ல. நான்தான் மொதல்ல அவங்கிட்டப் போனேன். முழிக்கல."

"குஞ்சு?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. "ஓடிப்போச்சும்மா. ரோடெல்லாம் ஓடுச்சு. பெரியவரு பொறுக்கிட்டு இருந்தாரு."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நீராவி வந்து எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது, போனது.

"உங்கள என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றாள். "அது அப்பறம். நாளைக்கு நீங்க உக்கார வேண்டாம். நான் உக்கார்றேன்."

அக்டோபர் 2, புதன். பத்ரிநாத். மகாளய அமாவாசை

பிரம்ம கபாலம் ஆற்றங்கரையில் இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்திலேயேதான். கல்தளம் முழுக்க ஆட்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்து சோற்றை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தெந்த ஊரோ. எல்லோர் கையிலும் ஒரே மாதிரி உருண்டை. பேசும் பாஷைகள் ஒன்றுமே புரியாததால் எல்லோரும் ஒரே ஆளைக் கூப்பிடுவது போல எனக்குக் கேட்டது.

பாவாயி ஈரச் சேலையோடு உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் பையையும் தண்ணீர்ச் செம்பையும் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சருக்கு இந்தி தெரியும். அங்கத்திப் புரோகிதரான பண்டா கேட்டதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மகன் இல்லையா என்று கேட்டார் பண்டா. "நான் அவரு சம்சாரம், நானே பண்றேன்னு சொல்லுங்க" என்றாள். பண்டா தலையசைத்துத் தர்ப்பையைக் கொடுத்தார்.

பெயர் கேட்டார். சொன்னாள். தகப்பன் பெயர், பாட்டன் பெயர் சொன்னாள். பிறகு இன்னொன்று கேட்டார்.

"எப்படி இறந்தாருன்னு கேக்கறாரு" என்றார் டீச்சர். வேனில் அந்தக் கதையைக் கேட்டவர் அவர். விபத்து என்று சொல்ல அவரே வாயெடுத்துவிட்டார்.

"தூக்கத்துல" என்றாள் பாவாயி.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க டீச்சர், தூக்கத்துலதான்" என்றேன்.

அவர் அதைப் பண்டாவிடம் சொன்னார். பண்டா, நல்லது என்பது போலக் கையை உயர்த்திவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். பாவாயி ஒவ்வொரு உருண்டையாக வைத்தாள். அவசரப்படவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிறவள் மாதிரி ஒன்று வைத்து, கொஞ்சம் நிறுத்தி, அடுத்தது வைத்தாள். கீழே அலகநந்தா அத்தனை சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த இடம் அமைதியாக இருந்தது என்றுதான் எனக்கு ஞாபகம்.

திரும்பி வந்து சேலை மாற்றிக்கொண்டதும் போனைக் கையில் எடுத்து என்னிடம் வந்தாள். "லோகுகிட்ட நீங்களே சொல்லோணும்" என்று நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். மணி 11.20.

"முடிஞ்சுதுங்களா பெரியப்பா?"

"முடிஞ்சுது. அம்மாதான் பண்ணுனா."

"ஏனுங்க, நீங்க பண்ணலீங்களா?"

"நீ வண்டியிலயா இருக்கற?"

"இல்லீங்க, இன்னைக்குக் காந்தி ஜெயந்தி லீவு. ஊட்டுலதான். பையனுக்குச் சோறு ஊட்டிட்டு இருக்கேன்."

"அவனக் கீழ எறக்கி உட்டுட்டு உக்காரு. நான் ஒண்ணு சொல்லோணும். நடுவுல பேசாம கேளு."

சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. பாவாயி எதிரே சுவரில் சாய்ந்து நின்று, நான் சொல்வதைச் சரிபார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பையன் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. போன் அணைந்தது.

மொத்தம் ஒன்பது நிமிடம். அதில் லோகு பேசியது முதல் ஒரு நிமிடம்.

அக்டோபர் 3, வியாழன். மலையிலிருந்து இறங்கும் வழியில்

லோகு போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். நான்காவது தடவை அடிக்கப் போனபோது, "உடுங்க, அவனுக்கு இப்பத்தான் அப்பா சாகறாரு" என்றாள் பாவாயி.

அக்டோபர் 4, வெள்ளி. ஹரித்வார்

வேனிலிருந்து இறங்கும்போது தன்சிங் என்னைக் கட்டிப்பிடித்தார். அவரிடம் தமிழில் சொன்னேன், தூக்கம் வந்தால் நிறுத்திவிடுங்கள் என்று. தலையைத் தோளில் சாய்த்து, கண்ணை மூடி, பிறகு கையை நீட்டி நிறுத்துவது போலக் காட்டினேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அக்டோபர் 6, ஞாயிறு. ரயில்

விஜயவாடா தாண்டியாயிற்று. இரண்டு பக்கமும் நெல். மலையெல்லாம் யாரோ சொன்ன சேதி போல ஆகிவிட்டது. கூட வந்தவர்கள் நோட்டில் என்ன எழுதினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ராசிபுரத்து வாத்தியாருக்குக் கண்ணை மூடினால் நீல வெளிச்சம் தெரிந்ததாம்.

காலையில் லோகு அவன் அம்மாவுக்குப் போன் செய்தான். அவள் ரயில் கதவருகே போய்ப் பேசிவிட்டு வந்தாள். என் எதிரே உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"ஸ்டேஷனுக்குக் கார் எடுத்துட்டு வர்றானுங்க" என்றாள்.

"என்னப் பத்தி?"

"ஒண்ணும் கேக்கல. எத்தன மணிக்கு வண்டி வருதுன்னு மட்டும் கேட்டான்."

"நான் சேலத்துல பஸ் ஏறிக்கறேம்மா."

அவள் விதையைக் கையில் துப்பிக் காகிதத்தில் மடித்தாள். "அவன் உங்கள ஏத்துவானான்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. ஏத்தலீன்னா கோவிச்சுக்கக் கூடாது. பஸ் ஏறிக்குங்க."

"கோவிச்சுக்க மாட்டேன்."

"ஏத்துனான்னா முன்னாடி உக்காருங்க, அவன் பக்கத்துல. பின்னாடி போய் ஒளியாதீங்க. வழி பூரா அவன் என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்க."

சரி என்றேன்.

வண்டி பதினைந்து நிமிடம் தாமதமாகப் போய்க்கொண்டிருக்கிறது.